ஹிதர், திதர், விதர்: பழைய ஆங்கிலத்துக்கு ஒரு தமிழ் வழி

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக் கிரயப் பத்திரத்தைத் தமிழாக்க வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்குச் சற்று மேலே, 'இன் விட்னஸ் வேராஃப்' என்று ஒரு வரி. 'வேர்' என்றால் எங்கே, 'ஆஃப்' என்றால் உடைய. இரண்டையும் கூட்டிக் கழித்து 'எதனுடைய சாட்சியில்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்த்த பெரியவர் அதைச் சுழித்துவிட்டு மேலே 'இதற்குச் சாட்சியாக' என்று எழுதினார். “எ இல்லப்பா, இ” என்றார். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்துத் திருத்தத்தில்தான் இந்தச் சொற்களுக்கான சாவி இருக்கிறது என்பது எனக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆனது.

ஆங்கிலத்தில் இப்படி ஒரு பட்டாளமே உண்டு. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். ஹிதர், திதர், விதர். தௌ, தீ, தை, தைன், யீ. ஹியர்பை, தேர்பை, வேர்பை. ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் திறந்தால் தட்டுப்படும், 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் தட்டுப்படும், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய மனையின் பத்திரத்திலும் தட்டுப்படும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். அகராதியைப் பார்த்து ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தால் மறுநாளே ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அதற்குக் காரணம் நம் ஞாபகசக்தி அல்ல. இந்தச் சொற்கள் எந்த ஒழுங்கில் பிறந்தனவோ அந்த ஒழுங்கையே இன்றைய ஆங்கிலம் பாதி கைவிட்டுவிட்டது. தமிழ் கைவிடவில்லை. அதனால் இவற்றைப் படிக்கும்போது நடுவில் இன்றைய ஆங்கிலத்தில் இறங்கி ஏற வேண்டாம், நேராகத் தமிழுக்கு வந்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இ, அ, எ

இங்கே, அங்கே, எங்கே. இது, அது, எது. இவ்வளவு, அவ்வளவு, எவ்வளவு. முதல் எழுத்து மட்டும் மாறுகிறது, வால் அப்படியே நிற்கிறது. இ என்றால் பக்கத்தில், அ என்றால் தள்ளி, எ என்றால் கேள்வி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே மாறுவது முதல் மெய்யொலி. ஹெச் என்று தொடங்கினால் இ. டி-ஹெச் என்று தொடங்கினால் அ. டபிள்யூ-ஹெச் என்று தொடங்கினால் எ. ஹியர் இங்கே, தேர் அங்கே, வேர் எங்கே. இந்த மூன்று எல்லாருக்கும் தெரிந்தவை. (டபிள்யூ-ஹெச் என்று எழுதுவதை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஹெச்-டபிள்யூ என்று திருப்பி எழுதினார்கள். 'ஹ்வ' மாதிரி ஒரு ஒலி. இன்று பெரும்பாலோர் வாயில் ஹெச் காணாமல் போய்விட்டது, எழுத்தில் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.)

இனி வாலைப் பாருங்கள். தமிழில் இடத்தைச் சொல்ல ஒரு வால், போய்ச் சேரும் திசையைச் சொல்ல 'கு', கிளம்பிய இடத்தைச் சொல்ல 'இருந்து'. பழைய ஆங்கிலமும் இதற்கு மூன்று வால் வைத்திருந்தது. '-தர்' என்று முடிந்தால் அது நம் 'கு'. '-ன்ஸ்' என்று முடிந்தால் அது நம் 'இருந்து'. அவ்வளவுதான் கணக்கு. ஹிதர் என்றால் இவ்விடத்துக்கு, திதர் அவ்விடத்துக்கு, விதர் எவ்விடத்துக்கு. ஹென்ஸ் இங்கிருந்து, தென்ஸ் அங்கிருந்து, வென்ஸ் எங்கிருந்து. ஆறு சொல்லும் முடிந்தது. மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டு வால்தான்.

இன்றைய ஆங்கிலத்தில் 'எங்கே இருக்கிறாய்', 'எங்கே போகிறாய்' இரண்டுக்கும் 'வேர்' ஒன்றே போதும். பழைய காலத்தில் போதாது. பைபிளில் ரூத் தன் மாமியார் நகோமியிடம் சொல்லும் புகழ்பெற்ற வாக்கியத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிங் ஜேம்ஸ் பதிப்பில் முதல் பாதி 'விதர்' என்று தொடங்குகிறது, அடுத்த பாதி 'வேர்' என்று தொடங்குகிறது. தமிழ் பைபிளில் அதே இடம்: “நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்; நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்.” முதலில் 'இடத்திற்கு', பிறகு 'இடத்திலே'. அந்தக் 'கு' தான் விதர், அந்த 'இலே' தான் வேர். ஆங்கிலேயப் பிள்ளைக்கு இன்று இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஹென்ஸ் என்ற சொல் நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. ஆனால் அங்கே அதற்கு 'ஆகவே' என்று பொருள். இங்கிருந்து என்பது எப்படி ஆகவே ஆயிற்று? 'இதிலிருந்து என்ன தெரிகிறது?' என்று நாம் கேட்பதில்லையா, அப்படித்தான். இடத்திலிருந்து கிளம்புவது, காரணத்திலிருந்து கிளம்புவதாக மாறிவிட்டது. நடுவில் காலத்துக்கும் வந்தது: 'டூ இயர்ஸ் ஹென்ஸ்' என்றால் இன்றிலிருந்து 2 ஆண்டு கழித்து. ஆனால் இயேசு சாத்தானைப் பார்த்து 'கெட் தீ ஹென்ஸ்' என்று சொல்லும்போது அங்கே ஆகவேயும் இல்லை, காலமும் இல்லை. அசல் பொருள் அது: இங்கிருந்து கிளம்பு. தமிழ் பைபிள் அதை “அப்பாலே போ” என்று போட்டது. இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

வென்ஸ் என்றாலே 'எங்கிருந்து' என்பதால், அதற்கு முன்னால் 'ஃப்ரம்' போடுவது தப்பு என்று சில இலக்கண வாத்தியார்கள் அடம்பிடிப்பார்கள். 'எங்கிருந்திலிருந்து' என்பது போல ஆகிவிடுமாம். கணக்குப்படி சரிதான். ஆனால் கிங் ஜேம்ஸ் பைபிளின் 121-ஆம் சங்கீதத்தின் முதல் வரியிலேயே 'ஃப்ரம் வென்ஸ்' இருக்கிறது. நாமும்தான் 'நடுசென்டர்' என்கிறோம். விட்டுவிடலாம்.

ஒட்டுச் சொற்களும் இதே வழியில் பிரியும். ஹிதர்டூ என்றால் 'இதுவரைக்கும்'. ஹென்ஸ்ஃபோர்த் 'இனிமேல்', தென்ஸ்ஃபோர்த் 'அதுமுதல்'. ஹிதர் அண்ட் திதர் என்றால் இங்குமங்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் ஓட்டைகள் உண்டு. இது, அது என்பதற்கு ஆங்கிலத்தில் 'திஸ்', 'தட்' என்று இரண்டுமே டி-ஹெச்சில் வருகின்றன, ஹெச் இல்லை. அப்போது, எப்போது என்பதற்கு 'தென்', 'வென்' உண்டு. இப்போது என்பதற்கு அந்த வரிசையில் ஆள் இல்லை, 'நவ்' என்று வேறொரு வீட்டுச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ்க் கட்டம் நிறைந்திருக்கும் அளவுக்கு ஆங்கிலக் கட்டம் நிறையவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. யான், யாண்டர் என்று இரண்டு பழைய சொற்கள். எட்ட இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது என்று கை நீட்டிக் காட்டும் சொல், நம் 'அதோ'. அப்படியானால் ஆங்கிலத்தில் சுட்டுவதற்கு இரண்டு அல்ல, மூன்று இருந்திருக்கின்றன. தமிழிலும் மூன்றுதான். 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டில் உகரச் சுட்டை நாம் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இன்றும் 'உது என்ன?' என்று இயல்பாகக் கேட்பார்கள். உகரமும் யாண்டரும் ஒரே தூரத்தைக் காட்டுவன அல்ல. உகரம் நடுவில் இருப்பதைக் காட்டும், யாண்டர் தொலைவில் இருப்பதை. ஆனால் மூன்றாவது சுட்டு இரு மொழியிலும் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட விதம் ஒன்றுபோலவே இருக்கிறது.

விதர் விஷயத்தில் எழுத்துப்பிழை ஒன்று அடிக்கடி நடக்கும். ஹெச் இல்லாமல் எழுதினால் அது 'வாடிப்போ' என்று பொருள்படும் வேறு சொல். ஐ-க்குப் பதில் ஈ போட்டு 'வெதர்' என்று எழுதினால் அது 'இதுவா அதுவா' என்று கேட்கும் சொல். நடுவே ஈ-ஏ வந்தால் வானிலை. எங்கே போகிறாய் என்று கேட்க வந்தவர் வாடிப்போ என்று சபித்துவிட்டுப் போகக்கூடாது.

நீ என்றால் நீதான்

அடுத்தது தௌ குடும்பம். இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: இதை மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொள்வது. ஜெபத்திலும் பாட்டிலும் கடவுளைப் பார்த்துச் சொல்லிக் கேட்டே பழகியதால் 'தாங்கள்' மாதிரி ஒரு வாசனை வந்துவிட்டது. உண்மை நேர் எதிர். தௌ என்றால் நீ. யூ தான் நீங்கள்.

உருபு ஏற்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தௌ என்றால் நீ. தீ என்றால் உன்னை, உனக்கு. தை என்றால் உன். தைன் என்றால் உன்னுடையது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'தை'யும் 'தைன்' ஆகிவிடும். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் நெருப்பும் பொங்கல் மாதமும் போலத் தெரிகிறது, அதனாலேயே சீக்கிரம் மறக்காது. பன்மையில் யீ என்றால் நீங்கள், யூ என்றால் உங்களை. பிறகு யூ வந்து யீயின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் தௌவின் இடத்தையும்.

பன்மைச் சொல்லை ஒருவருக்கே மரியாதையாகச் சொல்வது நமக்குப் புதிதல்ல. நீங்கள் என்பதும் அப்படி வந்ததுதானே. இங்கிலாந்தில் பிரெஞ்சு அரசவை வழக்கத்தின் சாயல் படிந்து 13-ஆம் நூற்றாண்டிலிருந்து பெரியவர்களுக்கு யூ என்று சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளைகள், வேலைக்காரர்கள், காதலி, கடவுள் ஆகியோருக்குத் தௌ. சண்டை வந்தால் எதிரிக்கும் தௌ. 'நீ வா போ என்று பேசிவிட்டான்' என்று நம் ஊரில் கைகலப்பு வருவது போல அங்கேயும் வந்திருக்கிறது. 1603-இல் சர் வால்டர் ராலி மீது வின்செஸ்டரில் ராஜதுரோக வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் கோபத்தில் சொன்னது பதிவாகியிருக்கிறது: 'ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்'. தௌ என்பதை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார் மனிதர். தமிழில் எந்தச் சிரமமும் இல்லாமல் வருகிறது: 'உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகி!' ராலி அரசவையில் செல்வாக்கோடு வாழ்ந்தவர். அந்த ஒரு 'நீ'யில் அவர் எங்கே தள்ளப்பட்டார் என்பது அவையில் இருந்த எல்லாருக்கும் புரிந்திருக்கும். இன்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அந்த அடி வலிக்காது.

இதே காரணத்துக்காக அடி வாங்கியவர்கள் குவேக்கர்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய இந்தக் கிறிஸ்தவக் குழுவினர், கடவுளுக்கு முன்னால் எல்லாரும் சமம், ஆகவே நீதிபதியானாலும் பிரபுவானாலும் ஒருவரைத் தௌ என்றே அழைப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஒருமை எது, பன்மை எது என்று பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டி 1660-இல் ஒரு புத்தகமே போட்டார்கள். கலெக்டரைப் பார்த்து 'நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், அவர்கள் ஏன் வெறுக்கப்பட்டார்கள் என்பது புரியும்.

பைபிள் கதை வேறு. கிங் ஜேம்ஸ் பதிப்பில் தௌ, யீ வித்தியாசம் மரியாதையைப் பார்த்து வரவில்லை. ஒருவரா பலரா என்பதை மட்டும் பார்த்து வருகிறது. மூல மொழிகளான எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் உள்ள ஒருமை பன்மையை அப்படியே காப்பாற்றினார்கள். அதனால்தான் ராஜாவுக்கும் தௌ, கழுதைக்கும் தௌ. இதில் ஒரு லாபம் உண்டு. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனிடம் பேசும் இடத்தைப் பாருங்கள். சாத்தான் 'உங்களை'க் கோதுமை போலப் புடைக்கக் கேட்டுக்கொண்டான், நானோ 'உனக்காக' வேண்டிக்கொண்டேன் என்கிறார். ஆபத்து சீடர்கள் எல்லாருக்கும், வேண்டுதல் சீமோன் ஒருவனுக்கு. கிங் ஜேம்ஸில் முதலில் யூ, பிறகு தீ. இன்றைய ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் இரண்டும் யூ. அடிக்குறிப்புப் போட்டால்தான் தெரியும். தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பே வேண்டாம்.

தமிழாக்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று. தமிழில் நீ, நீங்கள் நடுவே 'நீர்' என்று ஒன்றும் இருக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தில் ஆங்கிலம் 'தை நேம்' என்கிறது, தமிழ் 'உம்முடைய நாமம்' என்கிறது. ரூத்தும் ஆங்கிலத்தில் மாமியாரைத் தௌ என்கிறாள், தமிழில் நீர் என்கிறாள். மருமகள் மாமியாரை நீ என்றால் தமிழ்க் காதுக்கு அது வேறு கதையாகிவிடும் அல்லவா. ஆகத் தௌவைப் பார்த்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு நீ என்று போடவும் முடியாது. யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். சிவனை நீ என்று பாடுகிற மரபும் நம்மிடம் இருப்பதால், கடவுளுக்கு நீயா நீரா என்பதில் ஒரே விடை கிடையாது.

வினைச்சொல்லின் வால்

பழைய ஆங்கிலம் மாதிரி வேடிக்கையாக எழுத ஆசைப்படுகிறவர்கள் கண்ட இடத்திலெல்லாம் 'எத்' ஒட்டிவிடுவார்கள். 'ஐ கோயத்' என்று எழுதினால் அது தமிழில் 'நான் போகிறான்' என்று எழுதுவதற்குச் சமம். '-எஸ்ட்' என்பது நம் '-ஆய்': தௌவோடு மட்டும் வரும். '-எத்' என்பது நம் '-ஆன், -ஆள், -அது': அவன், அவள், அதுவோடு மட்டும் வரும். நான், நாங்கள், நீங்கள், அவர்களுக்கு இரண்டுமே கிடையாது. ஆகத் தௌ ஹாஸ்ட், ஹி ஹாத். தௌ டஸ்ட், ஹி டத். தௌ ஷால்ட், தௌ வில்ட்.

இதில் 'ஆர்ட்' என்பது பலரைத் தடுக்கி விழவைக்கும். கலை என்று நினைத்துக்கொள்வார்கள். தௌ ஆர்ட் என்றால் நீ இருக்கிறாய், அவ்வளவே. 'வில்ட்' வாடுவதும் அல்ல, 'நீ செய்வாய்' என்பதில் உள்ள அந்த எதிர்காலம்.

ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை

டபிள்யூ-ஹெச் சொல்லும் இந்த ஆர்ட்டும் சேர்ந்து விழவைக்கிற இடம் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் இருக்கிறது. மாடியில் நின்றுகொண்டு ஜூலியட் சொல்கிறாள்: 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ?' உலகம் முழுக்க இதை 'எங்கே இருக்கிறாய் ரோமியோ?' என்று புரிந்துகொண்டு, நெற்றியில் கையை வைத்துத் தோட்டத்தைத் துழாவுகிற மாதிரி நடித்துக் காட்டுவார்கள். பள்ளி ஆண்டு விழாவில் நானே பார்த்திருக்கிறேன்.

கட்டத்தில் வைத்துப் பாருங்கள். தேர்ஃபோர் என்றால் 'அதற்காக, ஆகவே'. டி-ஹெச்சை எடுத்துவிட்டு டபிள்யூ-ஹெச் போட்டால் அ போய் எ வரும்: 'எதற்காக'. அவள் கேட்பது 'நீ எதற்காக ரோமியோவாக இருக்கிறாய்?' ஊரில் இத்தனை பேர் இருக்க, பகையாளி வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு நீ ஏன் வந்து சேர்ந்தாய் என்கிற புலம்பல். அடுத்த வரியிலேயே உன் தந்தையை மறுத்துவிடு, உன் பெயரைத் துறந்துவிடு என்கிறாள். எங்கே என்று கேட்டிருந்தால் அடுத்த வரிக்கு வேலையே இல்லை. அதனால் தௌவுக்கும் ரோமியோவுக்கும் நடுவில் காற்புள்ளி வைக்கக் கூடாது. வைத்தால் அவன் விளிக்கப்படுகிறான், வைக்காவிட்டால் அவன் பெயர்தான் பிரச்சினை.

அப்புறம், அவள் அவனைத் தௌ என்கிறாள். நேற்று வரை முகம் தெரியாதவன், அதற்குள் நீ.

பத்திரத்துக்கு வருவோம்

கிரயப் பத்திரத்தில் வரும் ஹியரின், தேராஃப், ஹியர்டூ, தேரண்டர் எல்லாம் மந்திரம் போல இருக்கும். பிரித்தால் ஒன்றுமில்லை. முன்பாதி சுட்டு, பின்பாதி வேற்றுமை உருபு. தமிழ் மாதிரியே உருபு பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹியரின் என்றால் இதில். தேரின் அதில். ஹியராஃப் இதன், தேராஃப் அதன். ஹியர்பை இதனால், இதன்வழி. இந்திய அரசமைப்பின் முகப்புரையில் 1949 நவம்பர் 26 என்று தேதி சொல்லிவிட்டு 'டூ ஹியர்பை அடாப்ட்' என்று வருகிறதே, அந்த ஹியர்பை தான் இது. சொல்லும் அந்த வாக்கியமே செயலாகிவிடுகிறது என்பதைக் காட்டும் சொல்.

பத்திர மொழியில் ஒரு முக்கியமான விதி: ஹியர் என்று தொடங்கினால் பெரும்பாலும் கையில் இருக்கும் இந்தப் பத்திரத்தைக் குறிக்கும். தேர் என்று தொடங்கினால் சற்று முன்னால் பேசிய வேறொன்றைக் குறிக்கும். 'மேற்படி சொத்தும் தேராஃப் ஒவ்வொரு பகுதியும்' என்று வந்தால், அந்தச் சொத்தின் ஒவ்வொரு பகுதியும். 'ஷெட்யூல் ஹியர்டூ' என்று வந்தால், இந்தப் பத்திரத்தோடு சேர்ந்த தபசில், அதாவது சொத்து விவரப் பட்டியல். இதை மாற்றிப் படித்தால் எந்த மனை யாருக்கு என்பதே மாறிப்போகலாம், வேடிக்கையில்லை.

ஹியரின்ஆஃப்டர் என்பது மூன்று அடுக்கு. இதில், இனிமேல். 'ஹியரின்ஆஃப்டர் கால்டு தி வெண்டார்' என்றால் இந்தப் பத்திரத்தில் இனிமேல் விற்பவர் என்று குறிக்கப்படுபவர். வெறும் ஹியராஃப்டர் என்று வந்தால் பெரும்பாலும் காலம்: இனிவரும் நாளில். அதேபோல ஹியர்டூஃபோர் என்பது இதுநாள் வரை, ஹியரின்பிஃபோர் என்பது இந்தப் பத்திரத்தில் இதற்கு மேலே. நடுவில் ஓர் 'இன்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்தைப் புரட்ட வேண்டும், இல்லையென்றால் காலண்டரை.

இனி என் பழைய தப்பு. வேராஃப் கட்டத்தின்படி 'எதன்' தானே, பெரியவர் ஏன் 'இ' என்றார்? டபிள்யூ-ஹெச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வேலை. ஒன்று கேள்வி. இன்னொன்று, முன்னால் சொன்னதைப் பிடித்துப் பின்னால் வருவதோடு கோப்பது. இரண்டாவது வேலையில் அதற்குக் கேள்விக் குணம் கிடையாது. தமிழில் அந்தக் கோக்கும் வேலையைப் பெயரெச்சமோ இ, அ சுட்டோ செய்யும், எகரம் செய்யாது. ரூத் சொன்ன விதர்கூட அப்படித்தான், 'எங்கே போகிறீர்' என்று கேட்கவில்லை, 'போகும் இடத்திற்கு' என்று பெயரெச்சமாகத்தான் தமிழில் வந்தது. ஆகப் பத்திரத்தில் டபிள்யூ-ஹெச் கண்டால் முதலில் வாக்கியத்தின் முடிவுக்குப் போய்க் கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் கேள்விக்குறி இருக்கவே இருக்காது. அதனால் அங்கே எல்லா எகரமும் இகரமோ அகரமோதான்.

வேர்ஆஸ் என்பது மட்டும் தனிப்பிறவி. பேச்சில் 'ஆனால் அவனோ' என்று எதிர்நிறுத்தும். பத்திரத்தின் தொடக்கத்தில் பத்தி பத்தியாக வேர்ஆஸ் வந்தால் அங்கே எதிர்நிறுத்தல் எதுவும் இல்லை. இந்தச் சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது என்ற முன்கதை. நம் பழைய பத்திரங்களில் 'பாத்தியப்பட்டு அனுபவித்து வருகிறபடியாலும்' என்று நீண்டுகொண்டே போகுமே, அந்தப் 'படியாலும்' தான்.

இரண்டு யீ

கடைப் பலகையில் 'யீ ஓல்டு' என்று பழமை காட்டுவார்கள். இந்த யீ நாம் மேலே பார்த்த நீங்கள் அல்ல. இது வெறும் 'தி'. பழைய ஆங்கிலத்தில் டி-ஹெச் ஒலிக்குத் 'தோர்ன்' என்று தனி எழுத்தே இருந்தது. கையெழுத்தில் அது காலப்போக்கில் ஒய் போலவே ஆகிவிட்டது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தபோது, ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்து முறையில் தோர்னுக்கு இடமில்லை. அச்சுக்கோப்பவர்கள் பக்கத்துச் சாடையில் இருந்த ஒய்யைப் போட்டு ஒப்பேற்றினார்கள். படித்தவர்கள் அதைத் 'தி' என்றே படித்தார்கள். யீ என்று படித்தது பின்னால் வந்தவர்கள். ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாத எகரத்தைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று இடம் பார்த்துப் படித்த நம் முன்னோருக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரிந்திருக்கும்.

கடைசியாக எனக்குப் பிடித்த ஒன்று: மீதிங்க்ஸ். 'நான் நினைக்கிறேன்' என்று அகராதியிலேயே சில சமயம் போட்டிருப்பார்கள். ஆனால் முன்னால் இருப்பது 'ஐ' இல்லை, 'மீ'. பின்னால் இருப்பதும் நினைக்கும் 'திங்க்' இல்லை. பழைய ஆங்கிலத்தில் நினைத்தல் ஒரு வினை, தோன்றுதல் இன்னொரு வினை. இரண்டும் ஒலியில் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டன. மீதிங்க்ஸில் இருப்பது இரண்டாவது. மீ என்பது 'எனக்கு'. எனக்குத் தோணுது.